கிரீன்ஸ்பரோவில் நடக்காத ஆட்டம்

அமெரிக்காவின் நார்த் கரோலினா மாநிலத்தில், ரிசர்ச் டிரையாங்கிள் பார்க்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என்னிடம் கேட்டார்கள்: "நீங்க டியூக்கா, கரோலினாவா?" இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் இடையே பத்து மைல் தூரம்தான். மார்ச் பிறந்தால் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியில் யார் யாரோடு மோதுவார்கள் என்று காட்டும், 68 அணிகளின் பிராக்கெட் தாள் காபி மெஷினுக்கு மேலே ஏறிவிடும். ஒரே வருடம் ஆடிவிட்டுத் தொழில்முறை லீகான என்பிஏவுக்குப் பறந்துவிடும் பையன்களை நம்பி அணி கட்டலாமா என்று மதியச் சாப்பாடு ஆறும்வரை சண்டை நடக்கும். நான் கரோலினா பக்கம். மூன்று நான்கு வருடம் கூடவே வளர்ந்து ஆடும் பையன்களைப் பார்ப்பதில்தான் கல்லூரிக் கூடைப்பந்தின் சுகமே இருக்கிறது என்று இன்றும் நம்புகிறேன்.

அரசியல் மட்டும் பேசமாட்டோம். யாரும் சொல்லி வைத்ததில்லை, ஆனாலும் அப்படித்தான்.

2016 பிப்ரவரியில் எங்கள் மாநிலத்தின் சார்லட் நகர மன்றம், திருநர்கள் தங்கள் பாலின அடையாளப்படி பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்று விதி கொண்டுவந்தது. மார்ச் 23 அன்று மாநிலச் சட்டமன்றம் ஒரே நாள் சிறப்புக் கூட்டத்தில் அதை ரத்து செய்யும் ஹெச்பி 2 சட்டத்தை நிறைவேற்றியது. அன்றிரவே ஆளுநர் கையெழுத்துப் போட்டார். அரசுக் கட்டடங்களிலும் பள்ளிகளிலும் பிறப்புச் சான்றிதழில் உள்ள பாலினப்படிதான் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

இந்தச் சட்டத்தை எதிர்த்து, செப்டம்பரில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ, நார்த் கரோலினாவில் நடக்க இருந்த தன் சாம்பியன்ஷிப் போட்டிகளை வெளியே கொண்டுபோனது. 2017 மார்ச்சில் கிரீன்ஸ்பரோவில் நடக்க வேண்டிய முதல் இரண்டு சுற்று ஆட்டங்களும் அதில் போயின. எங்கள் மேலாளர் பரம டியூக் ரசிகர். "பசங்க என்ன பாவம் பண்ணினாங்க? விளையாட்டுல எதுக்கு அரசியல்?" என்று கொதித்தார். நான் தலையாட்டினேன். பக்கத்து மேசையில் இருந்தவர் ஒன்றும் சொல்லவில்லை.

சில நாள் கழித்து அவர் தன் பிள்ளையைப் பள்ளியிலிருந்து வீட்டில் விட்டுவிட்டு மீண்டும் அலுவலகம் வந்தார். கையிலிருந்த பிள்ளையின் நீல நிறத் தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்தார். மூடி திறக்கப்படவே இல்லை, கழுத்துவரை தண்ணீர். "காலையிலேர்ந்து குடிக்கறதே இல்ல. குடிச்சா கழிப்பறைக்குப் போகணுமே" என்றார். பிள்ளை திருநர் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். நான் தலையாட்டியதை அவர் பார்த்திருந்தார் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

என்சிஏஏ செய்தது சரி என்பதுதான் என் முடிவு. கிரீன்ஸ்பரோவின் ஹோட்டல் பணியாளர்கள் அந்தச் சட்டத்தை எழுதவில்லை. அவர்களின் வருமானம் போனது எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆனால் அந்தப் பாட்டிலைப் பற்றிச் சட்டமன்றத்தில் பேச ஆளில்லாதபோது கூடைப்பந்தாவது பேசியது. இதற்கு முன்மாதிரியும் உண்டு. சவுத் கரோலினா தலைமைச் செயலக வளாகத்தில் அடிமை முறையைக் காக்க உள்நாட்டுப் போரில் இறங்கிய தென் மாநிலங்களின் கொடி பறந்தவரை, முன்கூட்டியே இடம் முடிவாகும் போட்டிகளை என்சிஏஏ அங்கே நடத்தவில்லை. 2015இல் கொடி இறங்கியது. கிரீன்ஸ்பரோ ஆட்டங்கள் சவுத் கரோலினாவின் கிரீன்வில்லுக்குப் போக முடிந்ததும் அதனால்தான். அங்கே டியூக், உள்ளூர் ஆரவாரத்தோடு ஆடிய சவுத் கரோலினா பல்கலைக்கழக அணியிடம் 88-81 என்று தோற்றது. மேலாளர் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

2017 மார்ச் 30 அன்று ஹெச்பி 2 திரும்பப் பெறப்பட்டது. ஆனால் நகர மன்றங்கள் சார்லட்டைப் போல விதி கொண்டுவர 2020 டிசம்பர்வரை தடை. என்சிஏஏ அரை மனதோடு திரும்பி வர ஒப்புக்கொண்டது. ஏப்ரல் 3 அன்று இறுதி ஆட்டத்தில் கரோலினா, கொன்சாகா பல்கலைக்கழக அணியை 71-65 என்று வென்று பட்டம் வாங்கியது. மறுநாள் கரோலினாவின் வெளிர் நீலச் சட்டையோடு போனேன். பக்கத்து மேசைக்காரர் வாழ்த்தினார். தடை பற்றி நான்தான் பேச்சை எடுத்தேன். "இன்னும் மூணு வருஷத்துக்கு மேல" என்றார். "அதுக்குள்ள பள்ளிக்கூடமே முடிஞ்சிடும்."

2018 மார்ச்சில் முதல் இரண்டு சுற்று ஆட்டங்கள் சார்லட்டுக்கு வந்தன. கரோலினா அங்கே தோற்றது. அதற்கு முன்பே அவர் வேறு மாநிலத்தில் வேலை தேடிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார்.