வலி குறைந்தது, பாதம் எழவில்லை

இடுப்பில் தொடங்கி, தொடைக்குப் பின்னால் இறங்கி, கட்டைவிரல் வரை சுளீரென்று ஓடும் வலியைப் பற்றி நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். தும்மினால் உயிர் போகும், உட்கார்ந்தால் எழ முடியாது, எல்லாம் எனக்கும் இருந்தது. அதில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காலில் பலம் போனதையும் அது திரும்பிவந்த விதத்தையும் சொல்கிறேன்.

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். பவானியிலிருந்து தினமும் பைக்கில் போய்வருவேன். வலி வந்து சில வாரங்கள் கழித்து, கியரை மிதித்து இறக்க முடிந்தது. இடது கால் விரலால் மேலே தூக்க முடியவில்லை. இன்னொரு நாள் செருப்பு கழன்றதே தெரியாமல் நடந்துகொண்டிருந்தேன். மண்டிப் பையன் பின்னாலிருந்து "அண்ணா, செருப்பு!" என்று கத்தினான். வீட்டில் டைல்ஸ் தரையில் இடது பாதம் மட்டும் 'தட் தட்' என்று விழுந்தது. "ஏனுங்க, காலை எதுக்கு இப்படி அடிச்சு அடிச்சு நடக்கறீங்க?" என்று மனைவி கேட்ட பிறகுதான் அந்தச் சத்தம் என் காதிலேயே விழுந்தது.

டாக்டர் முதுகைத் தொடும் முன்பே, "மண்டியில சம்மணம் போட்டுத்தான் உட்காருவீங்களா?" என்று கேட்டார். பாதத்தைத் தூக்கும் நரம்பு முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்க எலும்பை ஒட்டித் தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. மணிக்கணக்கில் சம்மணம் போட்டால் அங்கே நசுங்கியும் பாதம் தொங்கலாமாம். பாதத்தை உள்பக்கமாகத் திருப்பச் சொன்னார். ஒருக்களித்துப் படுத்து முழுக்காலையும் பக்கவாட்டில் தூக்கச் சொன்னார். முழங்காலில்தான் கோளாறு என்றால் இந்த இரண்டிலும் பலம் இருக்க வேண்டும். எனக்கு இரண்டுமே தளர்ந்திருந்தன. அப்போதே முதுகுதான் என்று சொல்லிவிட்டார். எம்ஆர்ஐ அதை உறுதி செய்தது: இடுப்புப் பகுதி முதுகெலும்பில் எல்4, எல்5 எனப்படும் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி, காலுக்குப் போகும் எல்5 நரம்பின் வேரை அழுத்திக்கொண்டிருந்தது.

காலின் பலத்துக்கு 0 முதல் 5 வரை மார்க் போடுகிறார்கள். எனக்கு 3. பாதத்தைத் தானாகத் தூக்க முடியும், அவர் விரலால் லேசாக அழுத்தினாலே விழுந்துவிடும். குதிகாலில் நிற்கச் சொன்னபோது இடது பக்கம் நிற்கவே இல்லை. சிறுநீர் போவதில் சிக்கல், சைக்கிள் சீட் படும் இடத்தில் மரத்துப்போவது, இரண்டு காலும் தளர்வது, இதில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடி வரவேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

பிதுங்கிய ஜவ்வு பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்கும், உடம்பே அதைக் கரைத்துக்கொள்வதும் உண்டு என்பதால் முதலில் மாத்திரைதான். ராத்திரி பிரீகாபலின் என்ற நரம்புவலி மாத்திரை. அதனால் காலையில் பேரேட்டைத் திறந்தால் எழுத்து மிதக்கும். படுத்தே கிடக்க வேண்டாம், முடிந்த அளவு நட என்றார்கள்.

அப்புறம் வலி குறைந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அடுத்த முறை பார்த்தபோது டாக்டர் 2 என்று எழுதினார். "வலியும் குறையுது, பலமும் குறையுதுன்னா அது நல்ல சேதி இல்லீங்க. நரம்பு மரத்துப்போனாலும் வலி அடங்கும்." ஆபரேஷனை இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்றார். "வலிதான் போயிருச்சே மாப்ளே, அப்புறம் எதுக்குக் கத்தி?" என்று மாமா சண்டைக்கே வந்துவிட்டார். அவருக்குப் புரியவைப்பது ஆபரேஷனைவிடக் கஷ்டமாக இருந்தது.

மைக்ராஸ்கோப் வைத்து, நரம்பை அழுத்திய ஜவ்வுத் துண்டை மட்டும் எடுத்தார்கள். மறுநாளே நடந்தேன். கால்வலி சுத்தமாக இல்லை. பாதம் மட்டும் அப்படியே தொங்கியது. "அழுத்தத்தை எடுக்கறது என் வேலை. எழுந்திருக்கறது நரம்போட வேலை" என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

அறுந்த நரம்பிழை ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும் என்றார்கள். முதுகிலிருந்து முழங்காலுக்குக் கீழே உள்ள தசை வரை 60 சென்டிமீட்டர் என்று வைத்தால் 600 நாள்! தொழில் புத்தி, உடனே கணக்குப் போட்டுவிட்டேன். பிசியோ பெண் சிரித்தது. "அது இழை அறுந்திருந்தாத்தான் அண்ணா. அமுங்கி மட்டும் இருந்தா சீக்கிரமே வரும். உங்களுக்கு ரெண்டும் கலந்திருக்கும்."

நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தைத் தூக்கப் பார்ப்பதுதான் முக்கியப் பயிற்சி. ஒன்றும் அசையாது. அந்தப் பெண் என் கணுக்காலுக்கு முன்னால் விரலை வைத்து, "இங்க தொட்டுப் பாருங்க, நரம்பு எழும்புது" என்றது. தொட்டேன். தோலுக்கு அடியில் தசைநார் மெல்லத் துடித்தது. அது நரம்பில்லை, ஆனால் பேச்சில் நமக்கு எல்லாமே நரம்புதான். பாதம் எழும்ப அதற்குப் பிறகும் பல வாரங்கள் ஆயின. அதுவரை துண்டை முன்பாதத்தில் மாட்டி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கெண்டைக்கால் இறுகி, பலம் வந்தாலும் பாதம் மடங்காது. மேல்பாதத்தில் உணர்ச்சி இல்லாததால் தினமும் ராத்திரி காயம் ஏதும் பட்டிருக்கிறதா என்றும் பார்த்தேன்.

இப்போது குதிகாலில் கூடம் முழுக்க நடக்கிறேன். பாதத்துக்கு 4 போட்டிருக்கிறார்கள். கட்டைவிரல் மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது. மண்டியில் மேசை நாற்காலி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பாதம் தொங்காமல் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று. அதைச் செருப்போடு போட முடியாது, ஷூவுக்குள்தான் வைக்க வேண்டும், அதுவும் ஒரு சைஸ் பெரியதாக. கடைக்குப் போகும்போது ஸ்பிளின்ட்டைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தே வாங்குங்கள். வீட்டுக்குள் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நடக்கும்போதுதான் நிலைப்படி தடுக்கும். எங்கள் வீட்டு நிலைப்படிகளில் மஞ்சள் பெயின்ட் அடித்துவைத்தோம்.