சைக்காலஜி லேப்பில் ஒரு கோடும் ஒரு நட்சத்திரமும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் ஊரிலிருந்து எனக்கு போன் வரத் தொடங்கிவிடும். "அக்கா, நான் சைக்காலஜி எடுக்கலாமா? எங்கிட்ட எல்லாரும் மனசு விட்டுப் பேசுவாங்க." பிறர் பேச்சைப் பொறுமையாகக் கேட்பது அருமையான குணம். ஆனால் பி.எஸ்சி. சைக்காலஜியில் பெரும்பகுதி அளப்பதுதான். மனிதன் எதைப் பார்க்கிறான், எதை மறக்கிறான், எங்கே சறுக்குகிறான் என்று அளக்கவேண்டும். அளந்ததை நம்பலாமா என்று கணக்குப் போடவேண்டும். அந்தப் படிப்பின் உயிரே எனக்கு பிராக்டிகல் வகுப்பில்தான் கிடைத்தது. சேர வருகிற பிள்ளைகளிடம் இதை யாரும் சொல்வதில்லை.

எங்கள் முதல் பிராக்டிகல், கண்ணை ஏமாற்றும் முல்லர்-லயர் படம். பலகையில் ஒரு கோடு, இரு முனையிலும் அம்புத்தலை. பக்கத்தில் இன்னொரு கோடு, முனைகளில் வால் விரிந்திருக்கும். அந்த இரண்டாவது கோட்டை இழுத்து முதல் கோட்டின் நீளத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். சப்ஜெக்ட், அதாவது சோதனைக்கு உட்காருபவர், "சமம்" என்றதும், பின்பக்கம் இருக்கும் மில்லிமீட்டர் அளவைக் குறித்துக்கொள்வோம். சிறிதிலிருந்து பெரிதாக்கி ஒருமுறை, பெரிதிலிருந்து சிறிதாக்கி ஒருமுறை, மாற்றி மாற்றி. வால் விரிந்த கோடு நீளமாகத் தெரிவதால் கிட்டத்தட்ட எல்லோரும் அதைக் குறைவாகவே நிறுத்துவார்கள். 1889இல் வெளியான படம் அது. ஸ்கேல் வைத்து அளந்து பார்த்த அடுத்த நொடியே மறுபடி பார்த்தாலும் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். மனக்கலக்கத்தில் இருப்பவரிடம் யாராவது "உண்மையைப் புரிஞ்சுக்கிட்டா சரியாயிடும்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பலகை ஞாபகம் வருகிறது. புரிவது ஒன்று, தெரிவது வேறொன்று.

லீவுக்குச் சங்கரன்கோவில் போனபோது அட்டையில் அதேபோல் ஒன்று செய்து ஆச்சியிடம் கொடுத்தேன். நிதானமாக இழுத்து நிறுத்திவிட்டு, "நான் சரியாத்தான் வச்சிருக்கேன்ட்டி, ஒன் ஸ்கேலப் பாரு" என்றாள். அவளுக்கும் குறைவாகத்தான் வந்தது.

பிறகு நூலகத்தில் ரிவர்ஸ் என்ற பெயரைக் கண்டுபிடித்தேன். டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1898இல் கேம்பிரிட்ஜ் குழுவோடு ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே இருக்கும் டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போய்ப் பார்வைச் சோதனைகள் செய்தவர். 1901-02இல் நம் நீலகிரிக்கு வந்து தோடர்களிடமும் இதே படத்தைக் காட்டியிருக்கிறார். ஆங்கிலேயர்களைவிடத் தோடர்கள் குறைவாகவே ஏமாந்தார்கள். படிப்பில்லாதவர்கள்தான் எளிதில் ஏமாறுவார்கள் என்று நினைப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி! நேரான சுவர்களும் மூலைகளும் சூழ வளர்ந்த கண்தான் இந்தப் படத்தில் அதிகம் ஏமாறுகிறது என்று 1966இல் சீகல், கேம்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் வாதிட்டார்கள். தோடர்களின் பழைய குடிசை அரைவட்டக் கூரை கொண்டது என்பதை நினைத்துக்கொண்டேன். அந்த விளக்கத்தை ஏற்காதவர்களும் உண்டு. மலை ஏறினால் போய்விடக்கூடிய இடத்தில் நடந்த ஆய்வு என் பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இரண்டாவது, கண்ணாடி வரைதல். நட்சத்திரத்தின் இரட்டைக்கோட்டுக்குள் பென்சிலை ஓட்டவேண்டும். கையை நேராகப் பார்க்கக் கூடாது, கண்ணாடியில் மட்டும்தான். முதல் தடவை பென்சில் எங்கெங்கோ போகும். திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய நேரமும் தவறும் குறையும். வலக்கையில் பழகியதன் பலன் இடக்கையிலும் தெரியும். இந்தச் சோதனையின்போதுதான் எங்கள் மேடம் ஹென்றி மொலைசனைப் பற்றிச் சொன்னார். வலிப்பு நோய்க்காக 1953இல் மூளையில் அறுவை செய்துகொண்டவர். அதற்குப்பின் புதிதாக எதுவும் நினைவில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம் இதே நட்சத்திரத்தைக் கொடுத்தார். நாளுக்கு நாள் அவர் கை தேறியது. ஆனால் ஒவ்வொரு நாளும், இதை முன்பு செய்ததே இல்லை என்றார். கை நினைவு வைத்ததை அந்த மனிதர் அறியவில்லை. அன்று ரெக்கார்டு நோட்டை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

வேலையைப் பற்றி அப்பா கேட்டது நியாயமான கேள்வி: "எத்தனை வருஷம் ஆகும்னு மொதல்லயே சொல்லிடு, அதுக்குத் தகுந்த மாதிரி காசு ஒதுக்கணும்." பி.எஸ்சி.யோடு யாரும் சிகிச்சை கொடுக்க முடியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக, 1992 சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும். அதற்கு நெடுநாளாக இருந்த வழி, முதுகலை முடித்து, நுழைவுத்தேர்வு எழுதி, இரண்டு வருட எம்.ஃபில். இடங்கள் மிகக் குறைவு. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் கவுன்சிலின் தளத்தை நீங்களே பார்த்துவிடுங்கள். தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் சைக்காலஜி நடத்தக் கூடாது என்று 2025இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சொல்லிவிட்டது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைத்த பெண்களுக்கு இது பெரிய இழப்பு. ஆனாலும் லேப் இல்லாத சைக்காலஜிக்கு என்னால் ஆதரவாகப் பேச முடியவில்லை.

வேறு பட்டத்தோடு இதைத் துணைப்பாடமாக, அதாவது அலைடாகவோ மைனராகவோ, எடுக்கிறவர்களுக்குத் தியரி மட்டும்தான் கிடைக்கும் என்றால், மேஜர் பிள்ளைகளிடம் போய் சப்ஜெக்டாக உட்காருங்கள். அவர்களுக்கு எப்போதும் ஆள் வேண்டும். மேஜராகச் சேரப் போகிறவர்கள் பணம் கட்டும் முன்பே டிபார்ட்மென்டில் லேப்பைக் காட்டச் சொல்லுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பிராக்டிகல், ஒரு கருவிக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் யார் எடுக்கிறார்கள் என்பதையும் மறக்காமல் விசாரியுங்கள். இரண்டாம் வருடத்தில் பலர் தடுமாறுவது அங்கேதான்.