கராத்தேயா, சிலம்பமா, ஜூடோவா?

ஜூன் மாதம் பள்ளி திறந்த கையோடு எனக்கு வரும் போன்களில் பெரும்பாலும் ஒரே கேள்விதான். "மாஸ்டர், பாப்பாவைக் கராத்தேல சேர்க்கலாமா, சிலம்பத்துல சேர்க்கலாமா, இல்ல உங்ககிட்டயே ஜூடோவுக்கு அனுப்பட்டுமா? எது பெஸ்ட்டு?" நான் ஜூடோ சொல்லித் தருகிறவன். என்னிடமே அனுப்புங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனாலும் முதலில், "எதுக்காகச் சேர்க்கிறீங்க?" என்று கேட்டுவிடுவேன். பலர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தைரியம் வரட்டும்னுதான்" என்பார்கள். போனில் இதற்கு முழுசாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஒவ்வொரு கலையும் ஏதோ ஒரு தேவைக்காகப் பிறந்தது. தேவை மாறும்போது கலையும் மாறிவிடுகிறது. ஜூடோ பிறந்த விதமே அப்படித்தான். அதை உருவாக்கிய ஜப்பானியர் கானோ ஜிகோரோ சின்ன உடம்புக்காரர். பள்ளியில் பெரிய பையன்கள் அவரைப் படுத்திய பாட்டில்தான் ஜூஜுத்சு என்கிற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையைக் கற்கப் போனார். சாமுராய்களின் காலம் அப்போது முடிந்துவிட்டது; ஜூஜுத்சு ஆசான்களைத் தேடிப் போவார் குறைவு. 1882-ல் டோக்கியோவில் எய்ஷோஜி என்ற புத்தக் கோயிலில், பன்னிரண்டு பாய் கொள்ளும் ஓர் அறையில், கானோ தன் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் கோடோகன். எதிரியை முடக்குவதற்காக உருவான ஒன்றைப் பிள்ளைகளின் உடம்பையும் புத்தியையும் வளர்க்கும் கல்வியாக மாற்ற வேண்டும் என்று நினைத்தார். தொழிலே வாத்தியார் தொழில்தான் அவருக்கு.

அதற்கு அவர் செய்தது சின்னக் காரியம்போலத் தெரியும். குத்து, உதை, மூட்டை முறுக்கும் ஆபத்தான பூட்டுகள் எல்லாவற்றையும் 'கதா' என்கிற ஒத்திகை வடிவத்துக்கு ஒதுக்கிவிட்டார். மிச்சமிருந்த வீசல்களையும் பிடிகளையும் வைத்து, எதிராளி முழு பலத்தோடு எதிர்க்க எதிர்க்கப் பயிற்சி செய்யும் 'ரந்தோரி'யைப் பள்ளியின் உயிராக ஆக்கினார். கண்ணைக் குத்தும் முறையை நண்பன் மேல் முழு வேகத்தில் பழக முடியாது. தோளுக்கு மேல் தூக்கிப் போடுவதைத் தினமும் பழகலாம். அதனால்தான் ஜூடோ பிள்ளைகளுக்கு, எதிர்க்கிற ஓர் உடம்பை எப்படிக் கையாள்வது என்று கைக்கே தெரிந்திருக்கும்.

ஆனால் அப்படித் தூக்கிப் போட வேண்டுமென்றால், போடப்படுகிறவனுக்கு விழத் தெரிய வேண்டும். என் வகுப்பில் முதலில் சொல்லித் தருவது அதைத்தான். மல்லாக்கப் படுக்கவைத்து, மோவாயை நெஞ்சோடு சேர்த்து, பெல்ட் முடிச்சைப் பார்க்கச் சொல்வேன். அப்படிப் பார்த்தால் பின்மண்டை தரையில் படாது. அப்புறம் இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, உள்ளங்கை முதல் முழங்கை வரை ஒரே நேரத்தில் மேட் விரிப்பில் அறைய வேண்டும். அறையும்போது மூச்சை விட வேண்டும். படுத்தபடி பழகிய பிறகு குந்தியபடி, அதன் பிறகு நின்றபடி. மனுஷனுக்கு இயல்பு, விழும்போது கையை ஊன்றுவது. மணிக்கட்டு முறிவதும் காரை எலும்பு உடைவதும் அப்படித்தான். அந்த இயல்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களைய வேண்டியிருக்கிறது. சைக்கிளிலிருந்தோ ஈரமான குளியலறையிலோ விழாத மனுஷர் யார்? எங்கள் மேட் விரிப்பில் கற்றுக்கொள்வதில் வாழ்நாள் முழுக்க உதவுவது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

விதி மாறினாலும் கலை மாறும். முன்பெல்லாம் குனிந்து எதிராளியின் காலைக் கையால் பிடித்துக் கவிழ்ப்பது ஜூடோவில் சாதாரணம். சர்வதேசக் கூட்டமைப்பு 2010-ல் அதைக் கட்டுப்படுத்தி, 2013-ல் முழுசாகத் தடை செய்தது. நிமிர்ந்து நின்று ஆடும் ஜூடோ பார்க்க அழகு, உண்மைதான். ஆனால் குஸ்திக்காரர் ஒருவர் காலுக்குப் பாய்ந்தால் தடுக்கிற பழக்கம் இன்றைய பிள்ளைகளிடம் குறைந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான்.

இன்னொரு விதி இதற்கு நேர்மாறு. பார்வையற்றோர் ஜூடோவில் இருவரும் ஒருவர் உடையை ஒருவர் பிடித்த பிறகுதான் ஆட்டமே தொடங்கும். பிடி விட்டுப்போனால் நடுவர் நிறுத்தி, மறுபடி பிடிக்கவைப்பார். அப்புறம் எல்லாம் தொடு உணர்வுதான். 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் கபில் பர்மார் வெண்கலம் வென்றது இதில்தான். பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவின் முதல் பதக்கம் அது. என் மாணவர்களைக் கண்ணைக் கட்டிக்கொண்டு ரந்தோரி ஆடச் சொல்வேன். எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பது சட்டைக் காலர் வழியாகவே தெரிய ஆரம்பிக்கும்.

சரி, மற்ற கலைகள். கானோவின் பள்ளியில் பயின்ற மயேதா மித்சுயோ பிரேசிலில் குடியேறி அங்கே சொல்லித்தர, கிரேசி குடும்பத்தார் அதைத் தரையில் படுத்துப் போராடும் கலையாக வளர்த்தார்கள். மேலே ஒருவன் ஏறி உட்கார்ந்தாலும் கீழே இருப்பவன் தப்பிக்கவும் திருப்பிப் பூட்டவும் வழி சொல்லும் பிரேசிலியன் ஜூஜுத்சு அது. கிராவ் மகா வேறு வகை. 1930-களில், இன்றைய ஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராட்டிஸ்லாவாவின் தெருக்களில் யூதர்களைத் தாக்கிய கும்பல்களை எதிர்கொண்ட இமி லிக்டன்ஃபெல்ட், பிற்பாடு இஸ்ரேல் ராணுவத்துக்காக அதை உருவாக்கினார். சிப்பாய்க்கு வருஷக்கணக்கில் பழக நேரமில்லை. அதனால் எளிய அசைவுகள், அடித்துவிட்டு விலகுதல், அவ்வளவுதான்.

தாய்ச்சி என்கிற சீனக் கலையும் போர்க்கலையாகப் பிறந்ததுதான். சீன அரசின் விளையாட்டுத் துறை 1956-ல் 24 அசைவுகளாகச் சுருக்கிய வடிவத்தைத்தான் இன்று பூங்காக்களில் பெரியவர்கள் மெதுவாகச் செய்கிறார்கள். முதியவர்கள் தடுமாறி விழுவதை அது குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாப்பாவைச் சேர்க்கக் கேட்கிற அப்பாக்களிடம், உங்க அம்மாவுக்கு இதைப் பாருங்க என்று சொல்லியிருக்கிறேன்.

சிலம்பம் நம் வீட்டுப் பக்கத்துத் திடலிலேயே கிடைக்கிறது. புருவ உயரக் கம்பு, வெறுங்கால், மண் தரை. கம்பு சுற்றுவதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், ஆசான்கள் பார்ப்பது காலடியை. இரண்டு கையும் ஒன்றுபோலப் பழகுவதும், தூரத்தை அளக்கும் கண்ணும் சிலம்பம் தரும் அளவுக்கு ஜூடோ தராது. இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆக, கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு, இன்னொருவர் உடம்போடு உரசிப் பழகுகிற ஜூடோவோ குஸ்தியோ நல்லது. ஓரிடத்தில் நிற்காத பிள்ளைக்குச் சிலம்பம். ஒழுங்கும் வரிசையும் பிடிக்கிற பிள்ளைக்குக் கராத்தே. இது என் அனுபவத்தில் சொல்வது.

எதுவானாலும் பணம் கட்டும் முன் ஒரு சாயங்காலம் வகுப்பில் போய் உட்கார்ந்து பாருங்கள். தூக்கிப் போடுகிற கலை என்றால் மேட் இருக்கிறதா, புதுப் பிள்ளைக்கு முதலில் விழக் கற்றுத் தருகிறார்களா? பிடியில் சிக்கிய பிள்ளை கையால் தட்டினால் எதிராளி அந்த நொடியே விட வேண்டும், மாஸ்டரே பிடித்திருந்தாலும். தட்டியும் விடாத வகுப்பு என்றால் எந்தக் கலையாக இருந்தாலும் அங்கே சேர்க்காதீர்கள்.