பழிவாங்கும் உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு: மத்திய அரசு ஊழியர்களுக்கு

அலுவலகத்தில் நடக்கும் முறைகேட்டைப் பற்றிப் புகார் எழுதிய ஊழியருக்கு அடுத்த சில வாரங்களில் சார்ஜ் மெமோ, தூரத்து ஊருக்கு டிரான்ஸ்பர், சஸ்பென்ஷன், ஆண்டு மதிப்பீட்டில் மதிப்பெண் குறைப்பு என்று ஏதோ ஒன்று வந்து சேர்வது நம் அலுவலகங்களில் பழகிப்போன அநியாயம். மத்திய அரசு ஊழியர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கையையும் மேல்முறையீட்டையும் வகுக்கும் 1965-ஆம் ஆண்டின் சிசிஎஸ் (சிசிஏ) விதிகளில் ‘பழிவாங்கல்’ என்று தனித் தலைப்பு கிடையாது. அதனால் உங்கள் கையில் இருப்பது எந்த வகை உத்தரவு என்பதுதான் வழியைத் தீர்மானிக்கும்.

தண்டனை உத்தரவு, சஸ்பென்ஷன் உத்தரவு இரண்டுக்கும் 23-ஆம் விதிப்படி மேல்முறையீடு உண்டு. குற்றச்சாட்டுகளை அறிவித்து விளக்கம் கேட்கும் சார்ஜ் மெமோவுக்குக் கிடையாது. அது இடைநிலை நடவடிக்கை என்பதால் 22-ஆம் விதி தடுக்கிறது. ஊழியர்களின் பணி வழக்குகளை விசாரிக்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயமும் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் தலையிடாது என்பதை உச்ச நீதிமன்றத்தின் 2006-ஆம் ஆண்டு குனிசெட்டி சத்யநாராயணா தீர்ப்பு தெளிவாக்கியது. மெமோவில் குறித்த கெடுவுக்குள் பதில் கொடுத்து, விசாரணையில் உங்கள் ஆட்சேபனைகளைப் பதிவு செய்துகொண்டே போவதுதான் அங்கே வேலை. மதிப்பீட்டு அறிக்கை என்றால் கையில் கிடைத்த 15 நாட்களுக்குள் முறையீடு.

டிரான்ஸ்பர் தனி ரகம். விதிகளின் கண்ணில் அது தண்டனையே அல்ல. எனவே மேல்முறையீடு இல்லை, முறையீட்டு மனுதான். பலர் சறுக்குவது இங்கேதான். மனு கொடுத்துவிட்டோம் என்ற தைரியத்தில் புதிய இடத்தில் சேராமல் இருந்தால், அனுமதியில்லாத விடுப்பு என்று இரண்டாவது வழக்கு முளைக்கும். அது முதலாவதைவிட வலுவானதாகவும் இருக்கும். தடை வேண்டுமென்றால், பணிவிடுவிப்பு உத்தரவு கைக்கு வருமுன் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். துறைக்குள் உள்ள தீர்வுகளை முடித்துவிட்டு வரச் சொல்லும் நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் ‘சாதாரணமாக’ என்ற சொல் இருப்பதால், அவசர நிலையில் காத்திருக்காமலும் மனு செய்ய முடியும். தண்டனைக்குப் பதிலாக டிரான்ஸ்பரைப் பயன்படுத்தினால் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சோமேஷ் திவாரி வழக்கில் சொன்னது. உங்கள் மனுவுக்கு அதுவே முதல் ஆதாரம்.

இனி மேல்முறையீடு. உத்தரவின் நகல் கையில் கிடைத்த நாளிலிருந்து 45 நாள் (25-ஆம் விதி). வாங்கும்போதே கையெழுத்தோடு தேதியையும் எழுதுங்கள். தாமதமானால் தகுந்த காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம், ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது. மனு உங்கள் ஒருவர் பெயரில் மட்டுமே இருக்க வேண்டும். அதே உத்தரவால் பாதிக்கப்பட்ட நான்கு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் அது மேல்முறையீடாகாது. மேல்முறையீட்டு அதிகாரிக்கு முகவரியிட்டு, தண்டித்த அதிகாரிக்கு ஒரு நகல் கொடுத்து, இரண்டுக்கும் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுதும் முறையில்தான் பாதி வழக்கு இருக்கிறது. 27-ஆம் விதி மேல்முறையீட்டு அதிகாரியை மூன்று கேள்விகள் பார்க்கச் சொல்கிறது: நடைமுறை பின்பற்றப்பட்டதா, முடிவுக்குச் சாட்சியம் இடம் கொடுக்கிறதா, தண்டனை குற்றத்தின் அளவுக்குப் பொருந்துகிறதா. உங்கள் மனுவும் இந்த வரிசையிலேயே போகட்டும். ‘என் மேல் வன்மம்’ என்று முதல் பத்தியிலேயே தொடங்கும் மனுக்கள் பெரும்பாலும் தோற்கின்றன. வன்மத்தை நிரூபிக்கும் சுமை குற்றம் சொல்பவர் மேல் முழுக்க விழுகிறது. தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த ராயப்பாவே 1974-இல் உச்ச நீதிமன்றத்தில் அதைத் தாங்க முடியாமல் தோற்றார்.

அதனால் பழிவாங்கலை விவரிக்காதீர்கள், தேதிகளால் காட்டுங்கள். ஒரு பக்க அட்டவணை போதும்: நீங்கள் புகார் கொடுத்த நாள், அது தண்டித்த அதிகாரிக்குத் தெரியவந்த நாள், உங்கள் மேல் நடவடிக்கை தொடங்கிய நாள், ஒவ்வொன்றுக்கும் கடித எண். நடுவில் இருக்கும் தேதிதான் உயிர். அவருக்குப் புகார் தெரியும் என்பதற்குக் காகிதம் இல்லையென்றால், மற்ற இரண்டு தேதிகளும் தற்செயல் என்று ஒதுக்கப்படும். அவரிடம் விளக்கம் கேட்ட குறிப்பாணை, அவர் பெயர் சொன்ன மின்னஞ்சல், உங்கள் கோப்பின் குறிப்புப் பக்கங்கள் ஆகியவற்றை 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் ஆகும். 45 நாள் கெடுவுக்குள் அது கிடைக்க வேண்டுமானால் உத்தரவு வந்த வாரமே விண்ணப்பம் போக வேண்டும்.

நீங்கள் யார் மேல் புகார் கொடுத்தீர்களோ அவரே தண்டித்திருந்தால், அது நடைமுறைக் கேள்வியின்கீழ் வரும் மிக வலுவான வாதம். விசாரணை அதிகாரி பாரபட்சமானவர் என்றால் அதை விசாரணை நடக்கும்போதே மனுவாகக் கொடுத்திருக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் சொன்னால் எடுபடாது. விசாரணை அறிக்கையின் நகல் உங்களுக்குத் தரப்பட்டதா, பதில் சொல்ல 15 நாள் இருந்ததா என்பதையும் பாருங்கள். 1993-இன் கருணாகர் தீர்ப்புக்குப் பிறகு இதைத் தவிர்க்க வழியில்லை.

எம்.பி.யிடமோ அமைச்சரிடமோ சிபாரிசுக் கடிதம் வாங்கி இணைக்காதீர்கள். நடத்தை விதிகளின் 20-ஆம் விதி அதையே குற்றமாக்குகிறது. கடுமையான சொற்களும் வேண்டாம், சிசிஎஸ் (சிசிஏ) 26-ஆம் விதி அவற்றைத் தடுக்கிறது. மேல்முறையீட்டில் தண்டனை கூடவும் வாய்ப்பு உண்டு, ஆனால் அதற்கு முன் உங்களிடம் விளக்கம் கேட்டாக வேண்டும். கண்டனம் போன்ற சிறு தண்டனையை எதிர்த்துப் போகுமுன் இதையும் எடைபோடுங்கள்.

பொதுநலத் தகவல் அளித்ததால் வந்த வினை என்றால் இன்னொரு கதவும் உண்டு. 2004-ஆம் ஆண்டின் மத்திய அரசுத் தீர்மானப்படி மத்திய கண்காணிப்பு ஆணையத்திடம் புகார் கொடுத்தவர், அதற்காகத் தான் வதைக்கப்படுவதாக அங்கேயே மனு செய்யலாம். ஆனால் இது 45 நாள் கெடுவை நிறுத்தாது. இரண்டையும் ஒருசேர நடத்துங்கள்.

‘கவனமாகப் பரிசீலித்தேன், ஏற்பதற்கில்லை’ என்று ஒரே வரியில் மேல்முறையீடு தள்ளுபடியானால் மனம் தளர வேண்டாம். காரணம் சொல்லாத உத்தரவு நிற்காது என்று 1986-இன் ராம் சந்தர் தீர்ப்பு சொல்கிறது. அப்போது தீர்ப்பாயம். இறுதி உத்தரவிலிருந்து ஓராண்டுக்குள் அங்கே போக வேண்டும். பதிலே வராவிட்டால் மேல்முறையீடு செய்து ஆறு மாதம் முடிந்த நாளிலிருந்து ஓராண்டு. நடுவில் நினைவூட்டல் கடிதங்கள் எத்தனை போட்டாலும் இந்தக் கெடு நீளாது. ரத்தோர் வழக்கில் 1989-இலேயே முடிவான விஷயம் அது. கட்டணம் 50 ரூபாய்தான். அதிகாரியின் வன்மத்தைத் தீர்ப்பாயத்தில் வாதிடப்போவதாக இருந்தால், அவரைப் பதவிப் பெயரால் மட்டுமல்லாமல் சொந்தப் பெயரிலும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். சேர்க்காவிட்டால் அந்த வாதத்தைக் காதில் வாங்க மாட்டார்கள். அங்கும் தோற்றால் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு இருக்கிறது.