புளியங்கொட்டை தோற்றது, செருப்பு ஜெயித்தது

கை மூடுவதை முன்கைத் தசையின் அழுத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க நான் செய்து, மூன்று வாரமாகக் கட்டுவதும் கழற்றுவதுமாக இருந்த சென்சார் பட்டை நேற்று ராத்திரிதான் சொன்ன பேச்சைக் கேட்டது. கையை விரித்தால் ரீடிங் 190, இறுக்கி மூடினால் 620. சென்சாரைப் படிக்கிற ஆர்டுயினோ என்ற குட்டி மின்னணு போர்டு 0 முதல் 1023 வரை காட்டும்; அந்த அளவுக்கு இந்த இடைவெளி தாராளம்.

தசையின் மின்துடிப்பைத் தோலில் ஒட்டும் எலக்ட்ரோடு வழியாக அளக்கிற ஈஎம்ஜி பக்கம் போகாமலில்லை. சித்திரை வெயிலில் மதுரையில் எலக்ட்ரோடு அரை மணி நேரம் ஒட்டி நின்றால் பெரிய விஷயம். வேர்வையில் வழுக்கிவிடும், ஒட்டியிருக்கிற நேரத்திலும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல். அதனால்தான் தசை புடைக்கும்போது வரும் அழுத்தத்தை மட்டும் பிடிக்கலாம் என்று எஃப்எஸ்ஆர் 402க்கு மாறினேன். அமுக்க அமுக்க மின்தடை குறைகிற மெல்லிய சென்சார் அது. அந்த மாற்றத்தை ஆர்டுயினோ படிக்கிற வோல்டேஜாக்க 10கே ரெசிஸ்டர், வழக்கமான டிவைடர்.

படுத்தி எடுத்தது தோலுக்கும் சென்சாருக்கும் நடுவே, அழுத்தத்தைக் குவிக்க வைக்கிற சின்ன வட்டத் துண்டு, அதாவது வில்லைதான். வில்லை இல்லாவிட்டால் சதை மெத்தை மாதிரிப் பரவி உட்கார்ந்துகொள்கிறது, ரீடிங் எழும்பவே மாட்டேன் என்கிறது. சட்டைப் பொத்தான் வைத்தேன், தோலில் வட்டமாகத் தடம் விழுந்ததுதான் மிச்சம். புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்து மட்டமாக்கி வைத்தேன். சிரிக்க வேண்டாம், உள்ளங்கையைத் திருப்பாதவரை அருமையாக வேலை செய்தது. திருப்பினால் சாய்ந்துவிடும்.

கடைசியில் பழைய ஹவாய் செருப்பு. தெருமுனையில் செருப்புத் தைக்கிற அண்ணனிடம் வட்டமாக வெட்டித் தரச் சொன்னேன். "பெருசா இருந்தாத்தான தம்பி நல்லா அமுக்கும்" என்று 15 மி.மீ.க்கு வெட்டிவிட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் சென்சார் உணர்வது நடுவிலுள்ள 12.7 மி.மீ. வட்டம் மட்டும்தான். அதைவிடப் பெரிய வில்லை சுற்றியுள்ள விளிம்பின் மேல் ஏறி உட்கார்ந்து, பாரத்தையெல்லாம் விளிம்பே வாங்கிக்கொள்கிறது. மறுநாள் 9 மி.மீ.க்கு வெட்டி வாங்கினேன். கட்டி முடித்த நிமிஷமே 600ஐத் தாண்டியது. காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார் மனுஷன்.

இந்த சென்சாருக்கு வளைவும் அழுத்தமும் ஒன்றுதான். அதனால் காலாவதியான ஏடிஎம் கார்டில் ஒரு துண்டை வெட்டி முதுகுக்குக் கொடுத்திருக்கிறேன். சென்சாரின் வாலில், அதாவது இணைப்பு முனையில், ஒயரை நேராகப் பற்றவைக்கப் போய்ப் பிளாஸ்டிக் உருகி ஒரு சென்சார் போச்சு. ஆன்லைனில் வந்த இன்னொன்று அமுக்காமலேயே 300 காட்டியது. விற்றவரிடம் கேட்டால் நான்தான் வளைத்துவிட்டேனாம்! எலாஸ்டிக்கும் வெல்க்ரோவும் விளக்குத்தூண் பக்கம் முழக் கணக்கில் மலிவாகக் கிடைக்கின்றன.

பாக்கி ஒரு தொல்லை இருக்கிறது. தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி முடிப்பதற்குள், பிடி மாறாமலேயே 620 மெல்ல 680 ஆகிவிடுகிறது. ஆர்டுயினோவின் ப்ரோக்ராமில் சரிசெய்ய வேண்டும். அதை முடிக்காமல் அடுத்ததைத் தொடக் கூடாதுதான். ஆனால் அழகர்கோவில் ரோட்டில் சைக்கிள் மிதிக்கும்போது கெண்டைக்காலில் கட்டிப் பார்க்க இன்னொரு முழம் எலாஸ்டிக் வாங்கியாச்சு.