பொட்டாஃபோகோவில் காய்ச்சல்

ஜனவரி 12

இவனுக்குக் காய்ச்சல். 39.4. இங்கே, பிரேசிலின் ரியோ டி ஜனேரோவில், மருந்துக்கடையில் கிடைப்பது செல்சியஸ் தெர்மாமீட்டர். 103 என்று மாற்றிப் பார்த்ததும்தான் வயிற்றைப் பிசைந்தது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறதாம்.

ஜனவரி 13

அரசு அவசரப் பிரிவு. பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார்கள், காசு பற்றிப் பேச்சே இல்லை. வைத்தியம் எல்லோருக்கும் உரிமை என்று 1988 அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். முதுகில் மூட்டையோடு வந்து நிற்பவர்களுக்கும் சேர்த்துத்தான் போல.

நர்ஸம்மா இவன் கையில் பிரஷர் பட்டையைக் கட்டி, காற்றை ஏற்றி, ஐந்து நிமிடம் அப்படியே விட்டார். முன்கையில் பேனாவால் இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒரு சதுரம் போட்டார். உள்ளே சிவப்புப் புள்ளி இருபதைத் தொட்டால் சரியில்லை என்று செல்போனில் மொழிபெயர்த்துக் காட்டினார். அவர் எண்ணுவதற்குள் நான் எண்ணி முடித்துவிட்டேன். இருபத்தாறு.

டெங்கு. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் பக்கமே போகக் கூடாது. எடையில் கிலோவுக்கு 60 மில்லி குடிக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு உப்புக் கரைசல். இவனுக்கு 4.2 லிட்டர். பாட்டிலில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

எங்கே கடித்திருக்கும்? இலா கிராண்டி தீவிலா, இந்த ஹாஸ்டலிலா?

ஜனவரி 14

அத்தை பொங்கல் பானையைக் காட்ட வீடியோவில் வந்தார். அங்கே விடிந்திருந்தது, இங்கே நேற்று ராத்திரி பத்து மணி. "கடல்ல ஆடிட்டு வந்து தூங்குறான் அத்தை" என்றேன். "சாப்பிட்டுத் தூங்கச் சொல்லும்மா" என்றார். நிஜத்தைச் சொன்னால் நிலவேம்பு, பப்பாளி இலைச்சாறு என்று ஆரம்பிப்பார். அப்புறம் அழுவார்.

ஜனவரி 15

காய்ச்சல் விட்டுவிட்டது. இவனுக்கு ஒரே சந்தோஷம், இக்வாசு அருவிக்குப் போகிற பஸ்ஸுக்கு டிக்கெட் பார்க்கிறான். ஒரு நாள் முழுக்க ஓடுகிற பஸ். டாக்டர் சொன்னது இவன் காதில் ஏறவே இல்லை: காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்தே. வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் இருந்தால் உடனே ஓடி வரச் சொன்னார். ஒரு மணிக்கொரு தரம் டார்ச் அடித்து ஈறைப் பார்க்கிறேன். "மாட்டுச் சந்தையா நடத்துற?" என்கிறான்.

ரத்தத்தில் தட்டணுக்கள் 88 ஆயிரம். ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும்.

நடுராத்திரி. தூக்கம் வரவில்லை, படித்துக்கொண்டிருக்கிறேன். நூற்றிருபது வருடத்துக்கு முன்னால் ஓஸ்வால்டோ குரூஸ் என்ற மருத்துவர் வீடு வீடாகக் கொசு ஒழிப்பு ஆட்களை அனுப்பி மஞ்சள் காய்ச்சலை அடக்கிய ஊர் இது. டெங்குவையும் பரப்புகிற அதே கொசுதான். 1958-ல் அது பிரேசிலிலேயே ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். அது சாவகாசமாகத் திரும்பி வந்தது. 2024-ல் மட்டும் அறுபது லட்சம் பேருக்கு மேல் டெங்கு. இதைப் படித்து என்ன ஆகப்போகிறது? ஆனால் மூடி வைக்கவும் முடியவில்லை. இவன் புரண்டு படுத்தால் கூட எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

ஜன்னலைத் திறந்தால் கிறிஸ்து சிலை தெரியும் என்று சொல்லித்தான் இந்த அறையைக் கொடுத்தார்கள். இதுவரை மேகம்தான் தெரிகிறது.

ஜனவரி 16

71 ஆயிரம்.

ஜனவரி 17

"நீ வெளியே போ, உன் மூஞ்சியப் பார்த்தாலே பயமா இருக்கு" என்று துரத்திவிட்டான். ஈறில் ரத்தம் இல்லை. பக்கத்துக் கட்டில் கொலம்பியப் பெண்ணிடம் பாட்டிலையும் கோட்டையும் காட்டிவிட்டு மெட்ரோ ஏறினேன்.

இபனேமா கடற்கரை. போனை ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டு வரத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி முடியும்? இடுப்பில் துணிக்குள் செருகியிருந்தேன், அதிர்கிற மாதிரியே இருந்தது. மணல் கொதிக்கிறது. இரண்டு தோளிலும் தகர டிரம் தொங்க ஒருவர் "மாச்சி, லிமாவ்!" என்று கத்திக்கொண்டு வந்தார். ஒன்றில் குளிர்ந்த மாச்சித் தேநீர், மற்றதில் எலுமிச்சை ஜூஸ். இரண்டு குழாயையும் மாறி மாறித் திறந்து ஒரே டம்ளரில் கலந்தார். பாதி குடித்ததும் கேட்காமலேயே திரும்ப நிரப்பினார். கூடவே மரவள்ளி மாவில் சுட்ட, காற்று மாதிரி வளையம். வாயில் வைத்ததும் ஒன்றுமே இல்லாமல் போய்விடுகிறது. இவனுக்கு ஒரு பொட்டலம் வாங்கினேன். உப்பு போட்டது.

இந்த மாதத்தில் அர்ப்போடோர் பாறையில் உட்கார்ந்தால் சூரியன் நேராகக் கடலுக்குள் இறங்கும். ஊரே கூடி நின்று கைதட்டுமாம். சேர்ந்து பார்ப்பதாகத்தான் பேச்சு. அது இறங்குவதற்குள் கிளம்பிவிட்டேன். தெருமுனை வரைக்கும் கைதட்டல் கேட்டது, என்னமோ எரிச்சலாக வந்தது.

74 ஆயிரம். ஏறுகிறதா, இல்லை ஆய்வகத்தில் ஆள் மாறியதா?

ஜனவரி 18

சனிக்கிழமை. தெரு முழுக்க ஃபெய்ஜோவாடா வாசனை, கறுப்பு பீன்ஸில் பன்றிக்கறி கொதிக்கிறது. இவனோ ரசம் கேட்கிறான். தக்காளி, பூண்டு, மிளகு, கொத்தமல்லி எல்லாம் கிடைத்தது. புளிக்குப் பதில் எலுமிச்சை. மிளகை நுணுக்க உரல் இல்லை, மது பாட்டிலால் தேய்த்தேன். இரண்டு டம்ளர் குடித்தான்! ரசமும் 4.2 லிட்டரில் சேர்த்தி என்று முடிவு செய்துகொண்டேன்.

ஜனவரி 20

செபஸ்தியார் திருநாள், ஊருக்கே விடுமுறை. இந்த ஊரின் முழுப்பெயரே அவர் பெயரில்தான் ஆரம்பிக்கிறது: சாவ் செபஸ்தியாவ் டோ ரியோ டி ஜனேரோ. மெட்ரோவில் சிவப்புச் சட்டைக் கூட்டம், பூ, உடம்பெல்லாம் அம்பு தைத்த சிலை. கொள்ளை நோய்க்கு வேண்டிக்கொள்கிற சாமி என்று எங்கள் ஊர் வேதக்கோயில் தெருவிலும் சொல்வார்கள். பக்கத்தில் நின்ற பாட்டி கையில் ஒரு படத்தைத் திணித்தார். வேண்டாமென்று சொல்லவில்லை.

1 லட்சத்து 12 ஆயிரம். டாக்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நான் கழிப்பறைக்குப் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன்.

ஜனவரி 21

கால் முழுக்கச் சிவந்து, நடுநடுவே வெள்ளைத் திட்டு. பயங்கர அரிப்பு. குணமாகிற அறிகுறிதானாம்.

சாயங்காலம் மேகம் விலகியது. சிலை தெரிந்தது, கொஞ்சம் சின்னதாகத்தான். இவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. வியாழக்கிழமை பஸ்ஸில் இரண்டு சீட் இருக்கிறதாம், படுக்கிற மாதிரி சாய்கிற சீட், விலையும் குறைந்திருக்கிறது, இப்போதே போட்டுவிடலாமா என்கிறான். நாளைக்கு ரத்தம் எடுத்த பிறகுதான் எதுவும் என்றேன். "நம்பரைப் பிடிச்சுக்கிட்டே எத்தனை நாள் உக்காருவ?" என்று கத்துகிறான். அறையில் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள். தமிழ் புரியாவிட்டால் சண்டையும் புரியாதா என்ன.

அத்தை கூப்பிடுகிறார். இந்தத் தடவை இவனே பேசட்டும்.