தங்கச்சி மாப்பிள்ளை ஓட்டிய கார்

லாரி மோதிவிட்டது என்று வருகிறவர்களிடம் வக்காலத்தில் கையெழுத்து வாங்க ஐந்து நிமிடம் போதும். சொந்தக்காரர் ஓட்டிய காரில் போய் அடிபட்டவர்களிடம்தான் நாள் கணக்கில் பேச வேண்டியிருக்கும். திருச்சியில் விபத்து வழக்குகள் நடத்தும் வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். நால்வழிச் சாலைகள் வந்த பிறகு இந்த இரண்டாவது ரகம் கூடிக்கொண்டே போகிறது. கல்யாணத்துக்கோ குலதெய்வம் கோயிலுக்கோ போய்விட்டு நள்ளிரவில் திரும்புவார்கள். ஓட்டுகிறவர் கண் அசருவார், கார் சென்டர் மீடியனில் ஏறிவிடும். எதிரே வண்டியே கிடையாது. அப்படியானால் வழக்கு யார் மேல்?

ஓட்டியவர் மேல்தான். மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவில் இழப்பீடு கேட்டால், ஓட்டுநரின் கவனக்குறைவால்தான் விபத்து நடந்தது என்று சொல்லி நிரூபிக்க வேண்டும். கார் உரிமையாளர், அதாவது பெரும்பாலும் ஓட்டியவரே, முதல் எதிர்மனுதாரர், இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டாவது. பணம் கட்டப்போவது கம்பெனிதான் என்று எத்தனை முறை சொன்னாலும், மனுவில் முதலில் இருக்கும் பெயரைப் பார்த்ததும் குடும்பம் பின்வாங்கிவிடும். எங்களிடம் வந்த ஓர் அம்மாவுக்கு வயது 42, வீட்டிலேயே தையல். வலது கணுக்கால் நொறுங்கி பிளேட் வைத்திருந்தார்கள். "தங்கச்சி மாப்பிள்ளை மேல கேஸ் போட்டா, அவ முகத்துல நான் எப்படிண்ணே முழிப்பேன்?" என்றார். தங்கச்சியே நேரில் வந்து "போடுக்கா" என்று சொன்ன பிறகுதான் கையெழுத்து விழுந்தது.

ஆனால் சிக்கல் எங்களிடம் வருவதற்கு முன்பே, விபத்து நடந்த இரவே ஆரம்பித்துவிடுகிறது. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் பதியும்போதும் ஸ்டேஷனில் புகார் எழுதும்போதும் மாப்பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமே என்று ஒரு நாயைக் குறுக்கே ஓடவிடுவார்கள். நான் பார்த்த எஃப்.ஐ.ஆர்.களில் குறுக்கே ஓடிய நாய்களெல்லாம் உண்மை என்றால், திருச்சி–மதுரை சாலையில் மனிதர்கள் போகவே இடம் இருக்காது. "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்று வர வேண்டிய இடத்தில் "நாய் குறுக்கே வந்ததால் நிலை தடுமாறி" என்று வந்துவிட்டால், கம்பெனி வக்கீல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு குறுக்கு விசாரணை முழுவதையும் ஓட்டிவிடுவார். எஃப்.ஐ.ஆர். மட்டுமே முடிவு செய்வதில்லை, மீடியனில் ஏறிய விதமே கவனக்குறைவைக் காட்டுகிறது என்று நாங்கள் வாதாடுவோம், பல நேரம் ஜெயிப்போம். இருந்தாலும் அந்த நாய் கடைசி வரை கூடவே வரும். கவனக்குறைவை நிரூபிக்க வேண்டாத 164-வது பிரிவும் இருக்கிறது. அதில் பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய், அதோடு சரி. பிளேட் வைத்த காலுக்கு ஆஸ்பத்திரி பில்லே சில சமயம் அதைத் தாண்டிவிடும்.

அப்புறம் பாலிசி. காரின் சேதத்தையும் சேர்த்து எடுக்கும் பேக்கேஜ் பாலிசியில், காரில் உட்கார்ந்து வந்தவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு. 2012-இல் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டம் கட்டாயமாக்கியதை மட்டும் தரும் ஆக்ட் பாலிசியையும் பேக்கேஜ் பாலிசியையும் பிரித்துக் காட்டியது. பழைய கார்தானே என்று வெறும் 'தேர்டு பார்ட்டி' மட்டும் புதுப்பித்திருந்தால், உள்ளே இருந்தவர்களுக்குக் கம்பெனி கொடுக்க வேண்டியதில்லை. தீர்ப்புத் தொகை முழுவதும் மாப்பிள்ளை தலையில் விழும். அப்படிப்பட்ட பாலிசியைப் பார்த்தால் எங்கள் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "வீட்டுல பேசிட்டு வாங்கம்மா" என்பார். சொந்த உபயோகத்துக்கென்று பதிவான ஒயிட் போர்டு காரை வாடகைக்கு எடுத்துப் போயிருந்தால் அது தனிக் கதை. ஸ்டியரிங் பிடித்த உரிமையாளருக்கோ 15 லட்சம் ரூபாய் பர்சனல் ஆக்சிடென்ட் கவர் மட்டும்தான். அதுவும் உயிர், கை, கால், கண் போனால், அல்லது நிரந்தரமாக முழு ஊனம் ஆனால். கால் முறிந்து நான்கு மாதம் படுத்திருந்தாலும் அதில் ஒன்றும் வராது.

தையல்கார அம்மாவின் கார் நல்லவேளையாக பேக்கேஜ் பாலிசி. மெடிக்கல் போர்டு 35 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்தது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்ததும், பயப்படுவதும் இந்தக் கட்டம்தான். சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்று போட்டால் 1,75,000-தான் வரும். வருமானம் ஈட்டும் திறனில் இழப்பு எவ்வளவு என்று பார்த்தால் கணக்கே வேறு. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான். இடது கை போனால் தச்சருக்குப் பிழைப்பே போகும், அரசு அலுவலக கிளார்க்குக்கு வேலை போகாமலும் இருக்கலாம். ஆகவே எங்கள் வழக்கில், அந்தக் கால் இல்லாமல் தைக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

கம்பெனி வக்கீலும் அதைத்தான் பிடித்தார். "இப்போதெல்லாம் மெஷினுக்கு மோட்டார் வந்துவிட்டது தெரியுமா?" என்று கேட்டார். அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "மோட்டாரையும் வலது காலாலதானே சார் அழுத்தணும்? இடது கால்ல அழுத்தினா ஓட்டம் கைக்கு ஒத்து வராது, ஜாக்கெட் கழுத்து வளைவுல தையல் ஓடிப்போயிடும்." நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பதிலை நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

வருமான இழப்பு 20 சதவீதம் என்று எடுத்துக்கொண்டார்கள். மாதம் 10,000 ரூபாய், வருங்கால உயர்வு 25 சதவீதம் சேர்த்து 12,500. 42 வயதுக்கு சரளா வர்மா தீர்ப்பின்படி பெருக்கல் எண் 14. ஆண்டு வருமானத்தை அதால் பெருக்கி, அதில் 20 சதவீதம் எடுத்தால் மொத்தம் 4,20,000. இதற்கு மேல் மருத்துவச் செலவு, வலி வேதனை, உதவியாளர் செலவு, சத்துணவு. துணிமணி சேதம் என்று ஓர் ஆயிரம் ரூபாயும் உண்டு, நம் ஊர்த் தீர்ப்புகளில் அது விடாமல் வந்துவிடும். இரத்தக் கறை பட்ட அந்தப் பட்டுப்புடவைக்கு ஆயிரம் ரூபாயா என்று அம்மா கோபப்பட்டதும் நியாயம்தான்.

வழக்கு நடந்த காலம் முழுவதும் மாப்பிள்ளை எக்ஸ்பார்ட்டி, அதாவது கோர்ட்டில் ஆஜராகாதவர். கூண்டில் ஏறவில்லை, ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த அம்மாவை ஆட்டோவில் கூட்டிவந்து வராந்தாவில் உட்காருவார். இதைப் பார்த்த கம்பெனித் தரப்பு, இரண்டு பேரும் கூட்டு என்று சொல்லி 170-வது பிரிவில் மனு போட்டு, உரிமையாளர் சார்பில் எழுப்பக்கூடிய எல்லா வாதங்களையும் தானே எழுப்ப அனுமதி வாங்கிக்கொண்டது. சொந்தக்காரர் மேல் வழக்குப் போட்டால் சண்டை வர வேண்டும் என்று அவர்களும் எதிர்பார்க்கிறார்கள் போலும்.

கம்பெனி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்திருக்கிறது. அதைச் சொல்ல போன் செய்தபோது மாப்பிள்ளைதான் எடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அண்ணே, இதனால என்னோட நோ கிளெய்ம் போனஸ் போயிடுமா?" என்றார். இதனால் போகாது, காரை அதே பாலிசியில் ரிப்பேர் பார்த்தீர்களே, அந்த பிரீமியம் தள்ளுபடி அப்போதே போய்விட்டது என்றேன்.